ஃபார்மட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம்

சர்வரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் டிஸ்க் போயிற்று என்று முடிவுகட்டிவிட்டே வருகிறார்கள். திருவண்ணாமலை தேரடி வீதியையொட்டிய சந்தில், சர்வர் பழுதுபார்க்கும் ஒரு மாடிக்கடையில் அன்று நான் கண்டதும் அதுதான். முந்தின இரவு மழையில் கரண்ட் போயிருந்தது. விடுதிக்காரர் ஒருவரின் லினக்ஸ் சர்வர் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்சி மோட் என்று கறுப்புத் திரையில் நின்றது. பௌர்ணமி கிரிவலத்துக்கான அறைப்பதிவெல்லாம் அதற்குள்.

"ஃபார்மட் பண்ணியாவது ஓட வெச்சுக் குடு தம்பி."

"பண்ணினா புக்கிங்கும் போயிடும் சார். கொஞ்சம் உட்காருங்க."

கடைக்கார இளைஞர் எதையும் உடனே சரிசெய்யப் போகவில்லை. முதலில் டிமெசேஜ் பதிவுகளில் படிப்புப் பிழை ஏதும் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. டிஸ்க்கின் நலம் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையும் நன்றாகவே இருந்தது. பிறகு இணைந்திருக்கும் டிஸ்க்குகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலை, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்போடு வரிவரியாக ஒப்பிட்டார். அங்கேதான் சிக்கல். தரவு டிஸ்க்கை எஸ்டிபி என்ற பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகியிருக்கிறார்கள். அதன்பின் சர்வரை அணைக்கவே இல்லை. கரண்ட் வந்து புதிதாக எழும்போது எஸ்டிபி என்ற பெயர் யூஎஸ்பிக்குப் போய்விட்டது. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் பெயர். லினக்ஸில் இந்த வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. யூயூஐடி எண் அப்படி மாறாது. பெயருக்குப் பதில் அதை எழுதினார். யூஎஸ்பி வரியில் நோஃபெயில் சேர்த்தார். இனி அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழும்.

மவுண்ட் செய்வதற்கு முன்பே, பிழை தேடித் திருத்தும் எஃப்எஸ்செக் ஓட்டினார். 2008இல் லினக்ஸ் கெர்னலில் நிலைபெற்ற எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, செய்யப்போகும் மாற்றங்களை ஜர்னலில் முதலில் குறித்துக்கொள்ளும். பாதியில் மின்சாரம் போனால் அந்தக் குறிப்பைக் கொண்டே தன் கட்டமைப்பைச் சீராக்கிக்கொள்ளும். கடைசி நொடிகளில் டிஸ்க்குக்குப் போய்ச் சேராத தரவு மட்டும் திரும்பாது. சில நொடிகளில் டிஸ்க் சுத்தம் என்று பதில் வந்தது.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்து, மறுநாள் இந்த ஊர் மலையிலேயே மண் சரிந்த வாரத்தில் வந்த ஒரு டிஸ்க்கைப் பற்றிச் சொன்னார். அதன் செக்டார்கள் பழுதாகியிருந்தன. உரிமையாளர் கேள்விக்கெல்லாம் ஆமாம் போட்டு எஃப்எஸ்செக்கை ஓட்டிவிட, கோப்புகள் பெயரிழந்து வெறும் எண்களாக லாஸ்ட்ஃபவுண்ட் அடைவில் கிடந்தன. பழுதான டிஸ்க்கை முதலில் டிடிரெஸ்க்யூவால் நகலெடுத்து, நகலில்தான் கைவைக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் திறமை என்று நினைக்கிறேன். கூலி பேசும்போது அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

விடுதி, மருந்துக்கடை, அச்சகம் என்று சர்வர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பராமரிப்புக்காக மின்வாரியம் முன்கூட்டியே அறிவித்து மின்சாரத்தை நிறுத்தும் நாளில், சர்வரை நீங்களே முறைப்படி அணைத்து, மறுபடி எழுப்பிப் பாருங்கள். யூபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.