ஐயாயிரத்து ஐந்நூறு அடியில் ஜவ்வாது

ஜவ்வாது மலைக்கு ஏறப் பல வழிகள் உண்டு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகலாம். போளூர்க்காரர்கள் அத்திமூர் வழியாக ஏறுவார்கள். வேலூரிலிருந்து வருபவர்களில் பாதிப்பேர் அமிர்திக் காட்டோடு திரும்பிவிடுவார்கள். எந்த வழியில் போனாலும் மலையின் ஒரு துண்டுதான் கண்ணில் படும். நிர்வாகமும் அதைத் துண்டு போட்டுத்தான் வைத்திருக்கிறது: திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் மலை கிடக்கிறது. அதை முழுசாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுகாலமாக இருந்தது. தனியார் விமானி உரிமம் கைக்கு வந்ததும் நான் வரைபடத்தை விரித்துத் தேடியது இந்த மலையைத்தான்.

பெங்களூரு ஜக்கூரிலிருந்து புதுச்சேரிக்கு அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 270 கிலோமீட்டர். ஜோலார்பேட்டையைத் தொட்டு, ஏலகிரியைத் தாண்டி, ஜவ்வாதின் தென்பாதியை அறுத்துக்கொண்டு, திருவண்ணாமலைக்குக் கொஞ்சம் வடக்கே போகும். காவலூரும் ஜமுனாமரத்தூரும் அந்தக் கோட்டுக்கு வடக்கே தள்ளி இருக்கின்றன. அதனால் என் பாதையை அந்தப் பக்கம் வளைத்து, போளூர் வரை போய்த் தென்கிழக்கே திரும்புவதாகத் திட்டம் கொடுத்தேன். நான்கு பேர் உட்காரக்கூடிய பழைய செஸ்னா 172. பக்கத்து இருக்கையில் போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த இளைய நண்பர். சிறிய விமானத்தில் அவருக்கு அதுதான் முதல் பயணம்.

ஜக்கூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் 1948இல் தொடங்கிய பறப்புப் பள்ளி அது. அதன் முதல்வராக இருந்தவர் கேப்டன் வி. சுந்தரம். அவருடைய மனைவி உஷா சுந்தரம் 1949இல் அங்கேயே பயிற்சி முடித்து விமானியானார். 1951இல் சென்னை அரசு வாங்கிய டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு 27 மணி நேரத்தில் இருவருமாக ஓட்டி வந்தார்கள். அவர்கள் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும்.

பறப்புத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் வாங்கியாயிற்று. ஆனாலும் காலையில் உடனே கிளம்ப முடியவில்லை. தை மாதப் பனிமூட்டம். கண்ணை நம்பி ஓட்டுபவனுக்கு ஐந்து கிலோமீட்டராவது தெளிவாகத் தெரிய வேண்டும். மூட்டம் விலகியதும் எழும்பினோம். எலகங்கா விமானப்படைத் தளமும் பெங்களூரின் பெரிய விமான நிலையமும் பக்கத்திலேயே இருப்பதால், கொஞ்ச நேரம் சொன்ன உயரத்தில் சொன்ன திசையில் அடங்கித்தான் போக வேண்டும். நகரம் பின்னால் போனதும் 5,500 அடிக்கு ஏறினேன். கிழக்குத் திசையில் கண்ணை நம்பிப் பறப்பவர்களுக்கு ஒற்றைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு சேர்த்த உயரம் என்பது விதி.

உயரமானி அதே எண்ணில் நிற்கிறது. தரை மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. ஜக்கூர் கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரம். ஜோலார்பேட்டை வருவதற்குள் தரை 1,500 அடிக்கு மேல் கீழே போய்விடுகிறது. மைசூர்ப் பீடபூமி முடிந்து தமிழ்நாடு தொடங்குவதை உடம்பே சொல்லும். பெங்களூருத் தண்டவாளம் சேலம் பாதையோடு சேரும் இடம் மேலிருந்து அவ்வளவு தெளிவு. இடப்பக்கம் வாணியம்பாடி. அதை ஒட்டி வெளுத்த மணலாகப் பாலாறு. ஏலகிரி ஒரே கட்டியாக எழுந்து, வந்த வேகத்தில் பின்னால் போனது.

அடுத்து ஜவ்வாது. மலையை நெருங்கும்போது பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பாடம் ஒன்று உண்டு: முகட்டை நேராகப் போய் முட்டாதே, சாய்வாக அணுகு. காற்று அமுக்கினால் ஒரு சிறு திருப்பத்தில் சமவெளிப் பக்கம் வெளியேறிவிட முடியும். அந்தப் பருவத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. கிழக்குச் சரிவில் மோதி ஏறி, முகட்டைத் தாண்டி மேற்குச் சரிவில் இறங்குகிறது. நாங்கள் மேற்கிலிருந்து வந்தோம். ஆலங்காயத்துக்கு மேலே ஏற்ற இறக்கமானியின் முள் சுழிக்குக் கீழே சாய்ந்தது. நிமிடத்துக்கு 300 அடி வீதம் இறக்கம். எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மூக்கை இலேசாக உயர்த்தினேன். கைப்பிடிச் சக்கரம் உள்ளங்கையில் தடதடத்தது. நண்பர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பயமில்லை தம்பி, முகட்டைத் தாண்டினால் சரியாகிவிடும்" என்றேன். முகடு காலடியில் நழுவியதும் முள் மெல்ல நிமிர்ந்து சுழிக்கு வந்தது.

மேலே வந்த பிறகுதான் மலையின் உண்மையான உருவம் தெரிந்தது. கீழிருந்து பார்ப்பவர்கள் கூரான சிகரங்களை எதிர்பார்ப்பார்கள். மேலே இருப்பதோ மேடும் பள்ளமுமான அகன்ற ஒரு நாடு. சிகரங்கள் 1,100 மீட்டரை ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், அறுவடை முடிந்த சாமைக் கொல்லைகள், பலா மரங்களின் இருட்டுப் பச்சை. ஒற்றை எஞ்சினில் பறப்பவன் கண் எப்போதும் அவசரத்துக்கு இறங்க ஓர் இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்தக் கண்ணோடு பார்த்ததால் ஒவ்வொரு கொல்லையின் சரிவும் வரப்பும் மனத்தில் பதிந்துவிட்டன. நீளமான சமதரைக் கொல்லை அங்கே அபூர்வம். இத்தனை சரிவில் ஏர் ஓட்டி விளைவிக்கும் மக்களின் உழைப்பு எவ்வளவு என்பதை அதற்கு முன் நான் யோசித்ததில்லை.

காவலூர் விண்ணோக்கி நிலையத்தின் வெள்ளைக் குவிமாடம் காட்டுக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தது. 1960களில் வானியலாளர் வைணு பாப்பு தேடிக் கண்டுபிடித்த இடம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் வட வானமும் தென் வானமும் அங்கே கிடைக்கும். 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்திருந்தது. அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. 1986 ஜனவரியில் அது திறக்கப்பட்டபோது பாப்பு உயிரோடு இல்லை. நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

ஜமுனாமரத்தூரைத் தாண்டியதும் கிழக்குச் சரிவு திடீரென்று அறுந்து விழுகிறது. இங்கே காற்று எங்களைத் தூக்கியது, விசையைக் குறைத்துக்கொண்டேன். நான் பார்க்க வந்தது இதைத்தான் என்று அப்போது புரிந்தது. வடக்கே படவேட்டுப் பக்கம் செண்பகத்தோப்பு அணை, கமண்டல நாகநதியின் தண்ணீரோடு. அடிவாரத்தில் மிருகண்டா அணை. தென்மேற்கே வெகுதூரத்தில் செங்கத்துக்கு மேலே, செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம். மூன்றும் ஒரே மலையின் தண்ணீர். அணைகளிலிருந்து ஆறுகள், ஆறுகளிலிருந்து கால்வாய்கள், கால்வாய்களின் நுனியில் ஏரிகள். வெயிலில் ஒன்றன்பின் ஒன்றாக மின்னி, போளூர் ஆரணி சமவெளி முழுக்கத் தொடுத்த மணி போலக் கிடந்தன.

"அண்ணே, அதோ எங்க ஊர் ஏரிண்ணே! கலங்கல்ல தண்ணி போவுது பாருங்க!" நண்பருக்குக் குரல் உடைந்தது. சிறுவயதில் நீச்சல் பழகிய ஏரியாம். அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்திருக்கிறார்.

சரிவில் ஆங்காங்கே மரமில்லாத செம்மண் திட்டுகளும் தெரிந்தன. ஜவ்வாது என்றால் சந்தனம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. வெட்டிக் கடத்தியே அதைத் தீர்த்துவிட்டோம். ஒரு திட்டு மொட்டையானால் அங்கே பெய்யும் மழை மண்ணோடு அணைக்குள் இறங்கும். மூன்று மாவட்டங்களும் மூன்று கோப்புகளில் வைத்துப் பார்க்கிற மலையை ஒரே நீர்ப்பிடிப்பாகப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மீதிப் பயணம் சுகமானது. வலப்பக்கம் அண்ணாமலை, பிறகு செஞ்சியின் மூன்று குன்றுகள், கடைசியில் கடல். புதுச்சேரியில் இறங்கும்போது கடற்காற்று இன்னும் எழவில்லை.

இந்த மலையை இன்னும் பலர் மேலிருந்து பார்க்க ஒரு வழி உண்டு. வேலூர் அப்துல்லாபுரத்தில் ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. சிறு நகரங்களுக்கு விமானச் சேவை தரும் உடான் திட்டத்தில் சேர்த்துப் புதுப்பித்திருக்கிறார்கள். அங்கிருந்து ஜமுனாமரத்தூர் எங்கள் செஸ்னாவுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. காலையில் சில மணி நேரமாவது அந்த ஓடுதளத்தைச் சிறு விமானங்களுக்கும் பறப்புப் பள்ளிகளுக்கும் திறந்துவிடுங்கள். மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளை முதலில் ஏற்றிச் செல்ல என்னைப் போன்ற விமானிகள் காசு வாங்காமல் வருவோம்.