மூன்று நாடுகள் போதும்

ஐரோப்பாவைக் காணவேண்டும் என்பது எம் இல்லத்தாரின் நெடுநாளைய அவா. தவணை விடுமுறையிற் கிடைப்பன பதினான்கு நாட்கள். பூகோள ஆசிரியனாகிய யான் தேசப்படத்தை விரித்து, இலண்டன், பாரிஸ், பிரசல்ஸ், கொலோன், வியன்னா, உரோம் என ஆறு நகரங்களைக் கோடிட்டு இணைத்தேன்.

மனைவி ஒன்றே கேட்டார்: “இஞ்சருங்கோ, அண்ணையோடை எத்தினை நாள்?”

பாரிஸில் வாழும் தமையனாரை அவர் கண்டு இருபது ஆண்டுகள். என் அட்டவணையில் அவருக்கு ஒன்றரை நாளே இருந்தது! நாணி, அழிறப்பரை எடுத்தேன்.

விசா விதியும் மனைவியின் பக்கமே நின்றது. 1985இல் லக்சம்பேர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் ஐந்து நாடுகள் செய்த உடன்படிக்கை, 2025இல் 29 நாடுகளைத் தழுவியது. ஒரே விசாவுடன் அவற்றுள் உலாவலாம். ஆயின், எந்நாட்டில் மிகுதியான நாட்கள் தங்குவோமோ, அந்நாட்டிடமே விண்ணப்பித்தல் வேண்டும். பயணத்திற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்னரேனும் விண்ணப்பம் சேரவேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் தேவை. பிரித்தானியாவுக்கோ வேறு விசா, வேறு கட்டணம். எனவே இலண்டன் முதலில் நீங்கிற்று. வியன்னாவும் உரோமும் பின்தொடர்ந்தன.

எஞ்சியவை மூன்று நாடுகள். பாரிஸில் ஒன்பது நாட்கள். பின்னர் புகைவண்டியில் பிரசல்ஸ், கொலோன். கொலோன் பேராலயப் பணி 1248இல் தொடங்கி 1880இல் நிறைவெய்தியது. தொடங்கி அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நிறைவெய்திய பணியை அரைமணியில் ஓடிப் பார்த்தல் அழகன்று. அதற்கும் ஒரு முழுநாள்.

முதன்முறை புறப்படும் அன்பர்களே, நாடுகளை எண்ணுமுன் நாட்களை எண்ணுங்கள். யான் தேசப்படத்தை மடிக்குமுன்னரே, மனைவி பெட்டியின் அடியிற் பனங்கட்டிக் குட்டானை வைத்துவிட்டார்.