கைக்கெட்டிய கறண்ட்

மோட்டார் சைக்கிள் செய்கிற கொம்பனிக்காரருக்குப் பற்றரியில் என்ன கோபமோ தெரியாது. சீற்றுக்குக் கீழே, பெற்றோல் தாங்கிக்குக் கீழே, பக்க மூடிக்குப் பின்னாலே என்று எங்கேயாவது ஒளித்துத்தான் வைப்பார்கள். என்னுடையதில் பற்றரியின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றால் சீற்றைக் கழற்றி, இரண்டு ஸ்குறூ கழற்றி, ஒரு பிளாஸ்ரிக் தட்டைத் தூக்கி, ரப்பர் பட்டியை இழுத்துவிட வேண்டும். இவ்வளவு வேலை இருந்தால் ஆர் பார்ப்பார்? ஒருத்தரும் பார்ப்பதில்லை. அதனால்தான் ரொரன்ரோவில் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் எங்கட ஆக்கள் "மச்சான், ஸ்ராட் வருகுதில்லை" என்று ரெலிபோன் எடுக்கிறார்கள்.

கணக்கை ஒருக்கால் பாருங்கள். நிற்பாட்டி வைத்த மோட்டார் சைக்கிளிலும் மணிக்கூடு, கொம்பியூட்டர், அலாம் என்று ஏதாவது ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கறண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். 10 மில்லி அம்பியர்தான் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 0.24 அம்பியர் மணி. 10 அம்பியர் மணிப் பற்றரி 40 நாளில் காலி. நாங்கள் நவம்பரில் மூடிவைத்து ஏப்ரலில் திறக்கிறோம். ஈயப் பற்றரி இறங்கின நிலையில் கிடந்தால் தகடுகளில் சல்பேற் கட்டியாகப் படியும். பிறகு எவ்வளவு சார்ஜ் பண்ணினாலும் பழைய பலம் திரும்பாது. குளிர் வேறு இருக்கிறது. முழுச் சார்ஜோடு இருக்கிற பற்றரி இந்த ஊர்க் குளிருக்கு உறையாது. இறங்கின பற்றரி மறை 10 பாகைக்கு முன்னமே உறைந்து கோது வெடித்துவிடும்.

இதற்கு மருந்து சின்னது. இரண்டு வளைய முனை போட்ட வயரைப் பற்றரியில் நிரந்தரமாகப் பூட்டி, மற்ற நுனியைச் சீற்றுக்கு வெளியே கைக்கெட்டுகிற இடத்தில் விட்டுவிடுவது. சார்ஜரைக் கொண்டுபோய்க் கொளுவினால் சரி, ஒரு ஸ்குறூவும் கழற்றத் தேவையில்லை. அரை மணித்தியால வேலை. ஆனால் சில விசயங்களைக் கவனிக்கவேண்டும்.

எஸ்.ஏ.ஈ. என்று விற்கிற இரட்டை முனைப் பிளக்கில் ஒரு முனை ரப்பருக்குள் மூடியிருக்கும், மற்றது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பற்றரிப் பக்கத்தில் மூடியிருப்பதுதான் பிளஸ்ஸாக இருக்கவேண்டும். இந்த நுனியில் எந்த நேரமும் கறண்ட் நிற்கும். மைனஸ் வெளியே தெரிந்து இரும்பில் முட்டினால் ஒன்றும் இல்லை, இரும்பே மைனஸ்தான். பிளஸ் முட்டினால் நெருப்பு. இரண்டாவது, பியூஸ். பிளஸ் வயரில், பற்றரியில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். பியூசுக்கு முன்னால் இருக்கிற வயரைப் பியூஸ் காப்பாற்றாது. மூன்றாவது, கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியில் மைனஸ். ஸ்பானர் தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. வயரை ஹாண்டில் திரும்புகிற இடத்திலும் சைலன்சருக்குப் பக்கத்திலும் விடவேண்டாம்.

லிதியம் பற்றரி போட்டவர்கள் அதற்கென்றே விற்கிற சார்ஜரை மட்டும் பாவியுங்கள். பூச்சியத்துக்குக் கீழே குளிர் நிற்கும்போது அதைச் சார்ஜ் பண்ணவும் கூடாது. இன்னொன்று, இந்த மெல்லிய வயரால் இன்னொரு வாகனத்தில் இருந்து ஜம்ப் ஸ்ராட் பண்ணலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்ராட்டர் இழுக்கிற கறண்டுக்கு 7.5 அம்பியர் பியூஸ் கண்ணிமைக்கும் முன்னம் போய்விடும்.

இந்த வேலையை நான் கனடாவில் பழகவில்லை.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளும் இருந்தது, ரோச் பற்றரியும் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டரில் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தப் புகை மணம் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு இப்பவும் மூக்கில் நிற்கும். செய்தி கேட்க சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ போட்டோம்.

எங்கள் ஒழுங்கையில் கராஜ் வைத்திருந்த அண்ணை ஒருவர் இன்னொரு வழி கண்டார். பழைய ஹொண்டா 50இல் இருந்தது 6 வோல்ற் பற்றரி. நாலு ரோச் பற்றரி போடுகிற றேடியோவுக்கும் வேண்டியது 6 வோல்ற்தான். பக்க மூடியில் சின்ன ஓட்டை போட்டு இரண்டு வயரை வெளியே எடுத்துவிட்டார். பியூஸ் எங்கே வாங்குவது? பிளெக்ஸ் வயரைச் சீவி அதில் ஒரே ஒரு செம்பு நூலை எடுத்து இடையில் முறுக்கிவிட்டார். "தம்பி, கூடக் கறண்ட் போனால் முதல் சாகிறது இந்த நூலாத்தான் இருக்கோணும். பற்றரி செத்தால் வேற பற்றரி இல்லை" என்றார். எனக்கு அப்போது 15 வயது. மின்சாரத்தைப்பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த ஒரு வசனத்தில் படித்தது கூட.

மண்ணெண்ணெயும் கிடைக்காத கிழமைகளில் அதே வயர் வழியாகத் திருப்பிச் சார்ஜ் ஏற்றுவோம். சைக்கிள் டைனமோ, நடுவில் ஒரு டயோட். டயோட் இல்லாவிட்டால் ஏறினது திரும்பி இறங்கிவிடும். டைனமோ தருவது 3 வாற், அதாவது அரை அம்பியர். 4 அம்பியர் மணிப் பற்றரிக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் மிதிக்கவேண்டும். நாங்கள் பொடியள் முறை வைத்து மிதித்தோம். அரை மணித்தியாலச் செய்திக்கு எத்தனை மிதி என்று எங்களுக்குக் கால் நோவில் தெரியும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் எழும்பி மழைக்குள் நடந்தது. நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினோம். அண்ணையின் ஹொண்டாவில் எரிக்க ஒரு சொட்டும் இல்லை, பெட்டி படுக்கையோடு உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டாம் இரவு ஒரு சின்னப் பெடியனுக்குக் காலில் தகரம் வெட்டி இரத்தம் நிற்கவில்லை. அங்கே ஒதுங்கியிருந்த ஒரு வயதான அப்போதிக்கரி தைக்கிறேன் என்றார். ஆனால் வெளிச்சம் இல்லை. சிமினி விளக்கு காற்றுக்கு நின்று பிடிக்கவில்லை. அண்ணை மோட்டார் சைக்கிளை வகுப்பறைக்குள் உருட்டி வந்து, அந்த இரண்டு வயரிலும் ஒரு பல்பைக் கொளுவிக் காலுக்கு மேல் பிடித்தார். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. ஐந்து தையல். அந்த நேரத்தில் இருட்டுக்குள் ஸ்குறூ தேடிக்கொண்டு நிற்க ஏலுமா? வெளியே எடுத்துவிட்ட வயரின் பெறுமதி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கினது. பற்றரி இருப்பது வேறு, அது கைக்கு எட்டுவது வேறு.

இங்கே அதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 2013 டிசம்பரில் ரொரன்ரோவில் உறைமழை பெய்து வயர்கள் அறுந்தபோது மூன்று லட்சம் மின் இணைப்புகள் இருண்டுபோயின. நத்தாருக்கும் கறண்ட் வராத வீடுகள் இருந்தன. என் மோட்டார் சைக்கிள் ஒரு கூட்டாளியின் கராஜில் மூடிக் கிடந்தது. சார்ஜருக்கென்று விட்ட அதே வயரில் ஒரு யூ.எஸ்.பி. துண்டைக் கொளுவினோம். பற்றரியில் முழுக்க இருப்பது 120 வாற் மணி. பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்தாலும் அந்தக் காலப் போன் ஏழெட்டை நிரப்பலாம். அக்கம்பக்கத்து ஆக்களும் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா லண்டனில் இருக்கிற மகனோடு கதைத்து "நாங்கள் சுகமாய் இருக்கிறம்" என்று சொன்னா. உள்ளே ஏற்றுகிற வாசலே வெளியே எடுக்கிற வாசலும்.

ஓடும்போதும் போன் சார்ஜ் வேண்டும் என்பவர்கள் யூ.எஸ்.பி. சொக்கற்றை நேரே பற்றரியில் பூட்டவேண்டாம். போன் இல்லாவிட்டாலும் அது கொஞ்சம் குடிக்கும். இடையில் ஒரு றிலே போடுங்கள். அதில் இலக்கம் அடித்திருக்கும்: 30 பியூஸ் வழியாகப் பற்றரிக்கு, 87 சொக்கற்றுக்கு, 86 பின் லைற் வயருக்கு, 85 மைனஸுக்கு. திறப்பைத் திருப்பினால் வரும், நிற்பாட்டினால் நிற்கும்.

போன வருசம் மகள் தன்னுடைய மோட்டார் சைக்கிளுக்குத் தானே வயர் போட்டாள். நான் பக்கத்தில் நின்றதோடு சரி. "அப்பா, பியூஸ் ஏன் இவ்வளவு கிட்ட?" என்று கேட்டாள். அண்ணை சொன்ன செம்பு நூல் கதையைச் சொன்னேன். அண்ணை பிறகு வன்னிக்குப் போனார் என்று கேள்வி, அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்களிடம் போர் பற்றிய புத்தகங்கள் இருக்கின்றன, வீரர்களின் படங்கள் இருக்கின்றன. ஒரு சனத்தைச் செய்தி கேட்க வைத்த, ஒரு பிள்ளையின் காலுக்கு வெளிச்சம் பிடித்த கராஜ்காரரைப்பற்றி ஆர் எழுதி வைத்தார்கள்? அவர்களுடைய கைவேலையாவது அடுத்த கைக்குப் போகட்டும்.

பனி வருவதற்கு முன் ஒரு சனிக்கிழமை செய்துவிடுங்கள். செய்யும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பியூஸை அவர்களே போடட்டும்.