உபதேசியாரின் கேள்வி

நற்செய்திப் பணி என்றவுடன் நம் உள்ளத்தில் எழும் ஓவியம் பெரும்பாலும் ஒன்றே. கடல் கடந்து ஒருவர் வருகிறார். அவர் கையில் சிலுவை. எதிரே, அவருக்காகவே காத்திருந்தாற்போல் ஒரு மக்கள் கூட்டம். புனித சவேரியாரின் காலடி பட்ட கடற்கரையும், புனித அருளானந்தரின் குருதி சிந்திய ஓரியூரும் உள்ள மண்ணில் இவ்வோவியம் பதிந்திருப்பது இயல்பே. ஆயினும் பணியாளர் வந்து சேர்வது கதையின் ஒரு பாதிதான். அவர் அகன்ற பின்னர் திருச்சபை எவர் தோள்மீது நிற்கிறது என்பது மறுபாதி. அம்மறுபாதியை நான் நேரில் கண்ட இடம் பாப்புவா நியூ கினி.

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அங்குப் பணியாற்றும் நம் நாட்டுக் குரு ஒருவரின் அழைப்பை ஏற்று, ஐவர் கொண்ட குழுவாக அந்நாட்டின் நியூ பிரிட்டன் தீவுக்குச் சென்றோம். என்னுடன் வந்தோர் அருட்சகோதரியர் இருவர், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், மின்பணி அறிந்த இளைஞர் ஒருவர். சிங்கப்பூர் வழியாகப் போர்ட் மோர்ஸ்பி. அங்கிருந்து மீண்டும் வானூர்தியில் அத்தீவு. 1994-இல் இரு எரிமலைகள் ஒருங்கே வெடித்து ரபௌல் நகரைச் சாம்பலால் மூடிய பின், மாநிலத் தலைநகர் அருகிலுள்ள கோகோபோவுக்கு மாறிவிட்டது. அங்கிருந்து மலைச்சிற்றூர்களுக்குச் சென்று வந்தோம்.

800-க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாடு அது. பலரையும் இணைப்பது டோக் பிசின் என்னும் பொதுமொழி. அம்மொழியில் 'வான்டோக்' என்றால் ஒரே மொழி பேசுபவர் என்று பொருள். வழக்கில் அது உறவினரையே குறிக்கும். தென்னையும் சேம்பும் சர்க்கரைவள்ளியும் செழித்த மண். பாக்கையும் சுண்ணாம்பையும் மென்று சிவந்த வாயுடன் முதியோர் சிரித்தபோது நம்மூர்த் திண்ணைகளே நினைவுக்கு வந்தன.

செவிலியரான சகோதரி மலேரியாக் காய்ச்சலால் வாடியோரைக் கவனித்தார். மற்றவர் சிறுவருக்கு மறைக்கல்வி கற்பித்தார். இளைஞர் பழுதான சூரிய விளக்குகளைச் சீர்செய்தார். நான் திருப்பலி நிறைவேற்றினேன். மறையுரையை நண்பர் மொழிபெயர்த்தார். ஆனால் ஒரு சிற்றூரில் நாங்கள் செய்வதற்கென்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. குரு மாதத்திற்கு ஒருமுறையே வரக்கூடிய ஊர் அது. கோவிலோ தூய்மையாக இருந்தது. நோயாளிகளின் பட்டியல் ஆயத்தமாக இருந்தது. பிணங்கியிருந்த இரு குடும்பங்கள் முந்தைய வாரமே ஒப்புரவாகியிருந்தன. அனைத்தையும் செய்தவர் அவ்வூர் உபதேசியார். தோட்டத்தில் உழைத்து வாழும் எளிய குடும்பத் தலைவர்.

அன்றிரவு ஆசிரியர் என்னிடம், "சாமி, இவர்களுக்கு நாம் எதற்கு?" என்று கேட்டார். அவர் குரலில் ஏமாற்றமும் இருந்தது, வியப்பும் இருந்தது.

விடையை மறுநாள் ராகுனாய் என்னும் ஊரில் கண்டோம். அங்கேதான் பீட்டர் தோ ரோட் 1912-இல் பிறந்தார். மகனைக் குருவாக்கலாமே என்று மறைப்பணியாளர் கேட்டபோது, அதற்குக் காலம் கனியவில்லை என்று கருதிய தந்தை, உபதேசியாராக இசைந்தார். பயிற்சி முடித்துத் தம் ஊரிலேயே பணியேற்ற பீட்டர், 1936-இல் பவுலா என்ற பெண்ணை மணந்தார். 1942-இல் அத்தீவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர் மறைப்பணியாளர்களைச் சிறைப்படுத்தினர். பலிபீடம் குருவின்றி நின்றது. ஆனால் செபம் நிற்கவில்லை. பீட்டர் மக்களைக் கூட்டினார், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார், நோயாளிகளைச் சந்தித்தார், மணமக்களின் உடன்படிக்கைக்குச் சாட்சியானார். தடை வந்தபோது மறைவிடங்களில் தொடர்ந்தார். பலதார மணத்தை ஆட்சியாளர் அனுமதித்தபோது அஞ்சாது எதிர்த்தார். 1945 ஜூலையில் சிறையிலேயே நச்சூசியால் கொல்லப்பட்டார். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் போர்ட் மோர்ஸ்பியில் அவரை அருளாளராக உயர்த்தினார். நாங்கள் திரும்பிய மறு ஆண்டில், 2025 அக்டோபர் 19 அன்று, திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். அந்நாட்டின் முதல் புனிதர் ஒரு குரு அல்லர். மனைவியும் மக்களும் உடைய பொதுநிலையினர்.

விடைபெறும் வேளையில் அச்சிற்றூர் உபதேசியார் என்னிடம் கேட்டார்: "பாதர், உங்கள் ஊரில் மூன்று மாதம் குரு வராவிட்டால் மக்களைக் கூட்டிச் செபிப்பவர் யார்?" குத்தலாகக் கேட்கவில்லை, ஓர் ஊரார் மற்றோர் ஊராரின் நலம் விசாரிப்பதுபோல் கேட்டார்.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. 1773-இல் இயேசு சபை ஒடுக்கப்பட்ட பின், 1838-இல் புதிய மதுரை மிஷன் தொடங்கும் வரை, நம் ஊர்களில் குருக்கள் அரிதாயினர். அந்நாள்களில் செபங்களை வாய்மொழியாகவே காத்துப் பிள்ளைகளுக்குக் கையளித்தோருள் உபதேசியார்களும் தாய்மாரும் இருந்தனர். 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்ட நம் தேவசகாயமும் பீட்டரைப் போன்றே இல்லறத்தார், பொதுநிலையினர். அவ்வழி வந்த நாம் இன்று கதவு திறப்பது முதல் கணக்கு எழுதுவது வரை பங்குத்தந்தையை எதிர்நோக்கி நிற்கிறோம். உபதேசியார் பணியைத் திருச்சபையின் திருப்பணிகளுள் ஒன்றாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10-இல் நிறுவினார். ஏட்டில் உள்ள அச்சொல் ஊரில் உடலெடுக்க வேண்டாமா?

ஆசிரியரின் கேள்விக்கு நான் கண்ட விடை இதுவே: நாம் கொடுப்பதற்காக மட்டும் அனுப்பப்படுவதில்லை, கண்டதைக் கொண்டு வரவும் அனுப்பப்படுகிறோம். அவர் இப்போது எங்கள் பங்கின் கடைக்கோடிக் கிளையூரில் வாழ்கிறார். நான் செல்ல இயலாத ஞாயிறுகளில் கோவில் மணியை அவர் அடிக்கிறார். முதல் வாரம் வந்தவர்கள் ஒன்பது பேர். மணி தொடர்ந்து ஒலிக்கிறது.