எண்ணா, எழுத்தா?

ஐம்பத்தைந்து வயதில் ஒரு டாக்டர் கம்ப்யூட்டர் மொழி கற்கப் போனால் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. என் குரு, சோனாப்பூர் காம்ப்பில் தங்கி ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கும் ராமநாதபுரத்துத் தம்பி. இரவில் ஃபோனிலேயே பைதான் மொழியைப் படித்துக்கொண்டவர். (சோனாப்பூர் என்றால் பொன்னூர். துபாய் அரசுப் பதிவில் அது முஹைஸ்னா 2. டாக்ஸிக்காரரிடம் சோனாப்பூர் என்றால்தான் புரியும்.)

அங்கே ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் தொழிலாளர்களுக்குச் சர்க்கரை பார்க்கிறோம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே வேலைக்கு பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. ஆகவே 70-க்குக் கீழே இருப்பவர்களைப் பிரித்து, 'குறைவு, இனிப்புக் கொடுக்கவும்' என்று காட்டும் சிறு புரோகிராம் ஒன்றை நானே எழுதினேன். முதலில் அது முரண்டு பிடித்தது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்றது. 70-ஐ மேற்கோள் குறிக்குள் போட்டேன், முரண்டு நின்றது. காரணம் பாராமல் காய்ச்சலை இறக்கும் வைத்தியம்! இதற்காக எத்தனை ஜூனியர்களைக் கடிந்திருக்கிறேன்? 65, 85, 95 கொடுத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது.

ஞாயிறன்று முதலில் வந்தவருக்கு 268. புரோகிராம் 'குறைவு, இனிப்புக் கொடுக்கவும்' என்றது. உதவிக்கு வந்த அன்பர் ஜூஸ் பாக்கெட்டில் ஸ்ட்ராவைக் குத்தியே விட்டார். பாய்ந்து பிடுங்கினேன்.

"டாக்டர், நீங்க டைப் பண்றது எல்லாமே பைதானுக்கு எழுத்துதான். அகராதியில பாக்குற மாதிரி முதல் எழுத்தைத்தான் முதல்ல பாக்கும். 7-க்கு முன்னாடி 2 வருமில்லையா?" என்றார் தம்பி. நான் சோதித்த மூன்றும் இரண்டு இலக்கம். தப்பு வெளியே தெரியவில்லை. இன்ட் என்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் எழுத்து எண்ணாயிற்று.

நிற்க. அடுத்தவர் மீட்டரில் 3.9. அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கில் சுமார் 70. மாற்றாமல் பெருக்கினால் பைதான் 3.9 என்பதைப் பதினெட்டு தடவை வரிசையாக எழுதிக் காட்டும். இன்ட் போட்டால், புள்ளி இருப்பதால் மறுத்துவிடும். அதுவே நல்லது. ஃப்ளோட் போட்டால் ஏற்கும். அதன்மேல் ஒரு இன்ட்டையும் போட்டேனோ, வந்தது வினை! மூச்சு விடாமல் 3 ஆக்கிவிடும். அருகிலிருக்கும் 4 அல்ல, 3. பெருக்கினால் 54, மறுபடி ஜூஸ் பாக்கெட். மறுத்துப் பேசும் மெஷினைவிட, தலையாட்டும் மெஷினிடம்தான் எனக்கு இப்போது பயம்.

புத்தி வந்ததா என்றால், இல்லை. உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் இன்ட் போட்டுவைத்தேன். மறு வாரம் 268-காரரைக் காணோம். அழைக்கலாம் என்றால் 050 என்று தொடங்கும் நம்பர் 50 என்று நின்றது; எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று பைதான் தள்ளிவிட்டது.

"போன் நம்பரை யாராவது கூட்டிக் கழிப்பாங்களா டாக்டர்? அது எழுத்தாவே இருக்கட்டும்" என்று சிரித்தபடி தம்பி அந்த இன்ட்டை அழித்தார். நோட்டைப் பார்த்து நம்பரை மறுபடி டைப் செய்தார். மணி அடித்தது.

"வெறும் வயித்துலதான் இருக்கேன் சார், இப்ப வரலாமா?" என்றார் 268-காரர்.