அண்ணே, ஒரு சந்தேகம்!

“அண்ணே, ஒரு சந்தேகம்.”

மூன்றே சொற்கள்தான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. கடைசிவரை சொல்லாமலே போனவன் ஒருவன் இன்று திருப்பூரில் இருக்கிறான். நம் ஆண்டு மலரில் எழுத வேண்டும் என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டதும் அவன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். அட்மிஷன் அன்று அப்பா கல்லூரி கேட் வரைக்கும் வந்தார். உள்ளே வாங்க என்றதற்கு, “நீ போய்ட்டு வாப்பா, அங்க எனக்கு என்ன தெரியும்?” என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அங்கே எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது புரிந்துபோயிற்று.

பள்ளிக்கூடத்தில் நான் ‘நல்லாப் படிக்கிற பையன்’. இங்கே பிசிக்ஸ் வகுப்பில் ‘ரெசல்டன்ட்’ என்றார்கள், ‘மொமென்டம்’ என்றார்கள், ‘டார்க்’ என்றார்கள். கணக்கு வகுப்பில் ‘காம்பவுண்ட் ஆங்கிள்’. நோட்டில் எழுதி எழுதி விரல் வலித்ததே தவிர, தலைக்குள் ஒன்றும் ஏறவில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் “எனி டவுட்ஸ்?” என்று கேட்கத்தான் செய்தார்கள். அறுபது பேரும் சும்மா இருந்தோம். எல்லோருக்கும் புரிந்துவிட்டது போல, நமக்கு மட்டும்தான் மண்டையில் களிமண் என்று நினைத்துக்கொண்டேன்.

பெஞ்சுக்கு மூன்று பேர். நான் நடுவில். இடப்பக்கம் டவுன் பையன், இங்கிலீஷ் மீடியம். வலப்பக்கம் என் நண்பன். என்னைப் போலவே பஸ் ஏறி வந்தவன், அவன் வீட்டிலும் அவன்தான் முதல் ஆள். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். போர்டில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் எழுதுவான். அவனுக்கு எல்லாம் புரிகிறது என்றே நான் நம்பினேன்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது. டவுன் பையன் ஆல் கிளியர். எனக்கு மூன்று அரியர். என் நண்பனுக்கு நான்கு!

“அடுத்த வாரம் வர்றேன்டா” என்று பையை எடுத்துக்கொண்டு போனான். போனவன் வரவில்லை.

அதற்கு மறுவாரம் ஹாஸ்டலில் நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறை செகண்ட் இயர் அண்ணன் ஒருவர் கதவைத் தட்டினார்.

“தம்பி, வாளி இருக்கா?”

கொடுத்தேன். வாளியை வாங்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தார்.

“ஊருக்கா?”

“ஆமாண்ணே.”

“பெட்டியப் பாத்தா திரும்பி வர்ற மாதிரி தெரியலயே. எத்தன?”

“மூணுண்ணே.”

அவர் சிரித்துவிட்டார். “எனக்கு நாலு. இதே பர்ஸ்ட் செம்ல. இப்ப ஒண்ணும் பாக்கி இல்ல.” வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் அந்த மூன்று சொற்கள் வெளியே வந்தன. “அண்ணே, ஒரு சந்தேகம். ரெசல்டன்ட்னா என்னண்ணே?”

“தொகுபயன் விசைடா. பத்தாவதுல படிச்சிருப்பியே!”

படித்திருந்தேன். மார்க்கும் வாங்கியிருந்தேன். மொமென்டம் என்பது உந்தம். டார்க் என்பது திருப்புவிசை. ஐந்து மாதம் என் பழைய நண்பர்களே புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறார்கள், நான் அடையாளம் தெரியாமல் பயந்திருக்கிறேன்! அன்று இரவு பெட்டியை அவிழ்த்தேன்.

மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலின் கடைசி மேஜையில் கூடினோம். எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரை வரை, ஆறு பேர். அண்ணன் டியூஷன் எடுக்கவில்லை. பழைய கொஸ்டின் பேப்பரில் ஒரு கணக்கைக் காட்டுவார். முதலில் தனித்தனியாகப் போட வேண்டும். பிறகு ஒருவன் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். தப்பு வந்தால் எங்கே வந்தது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். “நீங்களே சொல்லிடுங்கண்ணே” என்று கெஞ்சினால், “எனக்குத் தெரிஞ்சு உனக்கு என்ன பிரயோஜனம்? நீ சொல்லு” என்பார். சொல்லிப் பார்க்கும்போதுதான் எது தெரியவில்லை என்பதே தெரிந்தது.

புத்தகத்தில் இல்லாத பாடங்களும் அங்கேதான் கிடைத்தன. ரெக்கார்டில் எப்போது கையெழுத்து வாங்க வேண்டும், அட்டண்டன்ஸ் குறைந்தால் யாரைப் பார்க்க வேண்டும், ரீவேல்யுவேஷன் என்றால் என்ன… இதெல்லாம் படித்தவர்கள் வீட்டில் சோறு சாப்பிடும்போதே காதில் விழும். நம் வீட்டில் யார் சொல்வது?

எனக்கு டிராஃப்டர் வாங்கக் காசு இல்லை என்று தெரிந்து தன்னுடையதைக் கொடுத்தார். அதன் அடியில் காம்பஸ் முனையால் மூன்று பெயர்கள் கீறியிருந்தன. மூன்றாவது அவருடையது. முதல் இருவரை நான் பார்த்ததே இல்லை. ஏப்ரலில் இரண்டு அரியர் போயிற்று. அடுத்த அக்டோபரில் மூன்றாவதும் போயிற்று.

இப்படி இருக்க, போன செமஸ்டரில் செமினாருக்கு எனக்கு வந்த தலைப்பு: ‘அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின இளைஞர்களும் சக மாணவர் துணையும்’. நமக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று அலுத்துக்கொண்டேதான் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட எங்கள் மெஸ் ஹாலே கண்முன் வந்தது.

1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அங்கே முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் இல்லை, அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை என்றெல்லாம் பதில் வந்தது. அவர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. 20 கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் நன்றாகச் செய்துவந்த 20 சீன வம்சாவளி மாணவர்களையும், அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்க் கவனித்தார்.

ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் பொய்த்துப்போயின. அந்தக் கறுப்பின மாணவர்கள் பள்ளியில் கெட்டிக்காரர்கள். பெற்றோருக்குப் பிள்ளைகள்மேல் கொள்ளை ஆசை. வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் தனியாகவே படித்தார்கள். சீன மாணவர்களும் முதலில் தனியாகத்தான் படித்தார்கள். மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள், பழைய பரீட்சைக் கேள்விகளை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கினால், கணக்குதான் கஷ்டம், நாம் முட்டாள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாகப் படித்தவனுக்கு அது தெரிய வழியே இல்லை!

பிறகு ட்ரைஸ்மன் கூட்டாகப் படிக்கும் பயிலரங்கு ஒன்றை ஆரம்பித்தார். ‘மக்கு மாணவர்களுக்கான வகுப்பு’ என்ற பெயர் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். வேண்டுமென்றே கடினமான கணக்குகளைக் கொடுத்துச் சேர்ந்து போராட விட்டார். அதில் சேர்ந்தவர்கள் கால்குலஸில் நன்றாகத் தேறினார்கள்.

இன்னொருவர் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி. 1963-ல் பர்மிங்ஹாம் நகரில் சிறுவர்கள் நடத்திய உரிமை ஊர்வலத்தில் போனதற்காக 12 வயதில் ஐந்து நாள் சிறையில் இருந்தவர். பின்னாளில் கணிதப் பேராசிரியரானார். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகத்தில், மேயர்ஹாஃப் என்ற கொடையாளரின் உதவியோடு 1988-ல் ஒரு திட்டம் தொடங்கினார். 1989-ல் வந்த முதல் அணியில் 19 பேர், எல்லோரும் கறுப்பின இளைஞர்கள். வகுப்பு தொடங்கும் முன்பே கோடையில் சேர்ந்து தங்க வேண்டும், சேர்ந்தே படிக்க வேண்டும். பிறகு பெண்களும், 1996 முதல் எல்லா இனத்தாரும் சேர்க்கப்பட்டார்கள். கொரோனா தடுப்பூசி ஆராய்ச்சியில் முன்னால் நின்ற கிஸ்மேகியா கார்பெட் அந்தத் திட்டத்தில் படித்து 2008-ல் பட்டம் பெற்றவர்தான்.

அவர்கள் சுமந்த பாரமும் நாம் சுமப்பதும் ஒன்றல்ல. தோலின் நிறத்தைப் பார்த்துக் கல்லூரிக் கதவையே சாத்திய நாடு அது. கதவு திறந்த பிறகும் ‘இவனால் முடியுமா?’ என்ற பார்வை போகவில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்தே வாய் மூடிக்கொள்கிறான் ஒருவன். அந்த இடத்தில் மட்டும் அவன் எனக்குச் சொந்தக்காரன்.

செமினாருக்காக ஹ்ரபௌஸ்கியின் பேச்சு ஒன்றைக் கேட்டேன். அந்தக் காலத்தில் கல்லூரிகளில் புது மாணவர்களிடம், ‘இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், மூவரில் ஒருவர் கடைசிவரை இருக்க மாட்டீர்கள்’ என்று சொல்வார்களாம். தன் கல்லூரியிலோ, மூவரையும் தேற்றுவதுதான் எங்கள் வேலை, ஒருவர் தவறினாலும் தோற்றது நாங்கள்தான் என்று சொல்வதாக அவர் பேசினார்.

எனக்கு அதற்கு மேல் கேட்க முடியவில்லை. என் வலப்பக்கம் காலியாக இருந்தது.

அன்று இரவு திருப்பூருக்குப் போன் செய்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறான். நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுக் கேட்டேன், “ஏன்டா போன?”

“எனக்கு மட்டுந்தான் ஒண்ணுமே புரியலன்னு நெனச்சேன்டா.”

“எனக்கும்தான்டா புரியல.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: “அப்பவே சொல்லியிருக்கலாம்லடா…”

நண்பர்களே, இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. தோளோடு தோள் உரச ஐந்து மாதம் உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் புரியவில்லை. இருவரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்தோம். அவன் மறுபடி சேர வழி உண்டா என்று ஆபீசில் விசாரித்து அவனிடம் சொல்லியிருக்கிறேன். “பாப்போம்டா” என்றிருக்கிறான்.

இப்போது அதே மெஸ் மேஜையில் பர்ஸ்ட் இயர் தம்பிகள் ஐந்து பேரோடு நான் உட்காருகிறேன். நான் பெரிய படிப்பாளி இல்லை. ஆனால் அவர்கள் தடுக்கும் இடத்தில் நான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் தடுக்கி விழுந்தேன், காயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆசிரியருக்குப் பாடம் தெரியும். நமக்குப் பயமும் தெரியும். அதனால்தான் இந்த வேலை நம்முடையது என்கிறேன்.

மாணவர் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டுக்கும் கலைவிழாவுக்கும் கமிட்டி போடுகிறோம். ஜூன் மாதம் புதுப் பையன்கள் வரும்போது ஒரு சீனியருக்கு இரண்டு தம்பிகள் என்று பிரித்துக் கொடுங்கள். சர்டிபிகேட் வேண்டாம், மேடை வேண்டாம். முதல் ரிசல்ட் வரும் வாரத்தில் மட்டும் அவர்களைத் தனியாக விடாதீர்கள்.

ஏப்ரலில் நான் போய்விடுவேன். டிராஃப்டரில் நாலாவதாக என் பெயரைக் கீறிவிட்டேன். ஐந்தாவது பெயருக்கு இடம் இருக்கிறது. வாங்கிக்கொள்ளப் போகிற தம்பி, அதிகம் பேசாதவன்.

அவனைப் போன்றவர்கள் தாங்களாக வந்து கேட்க மாட்டார்கள். நாம்தான் கதவைத் தட்ட வேண்டும். அன்று வாளி கேட்டு வந்தாரே அண்ணன், அவர் அறையில் இரண்டு வாளி இருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.