மட்டம் பார்த்தோம்

'மட்டம்' என்ற சொல்லுக்குத் தமிழர் நாவிலே இரு பொருள் உண்டு. மேடும் பள்ளமுமின்றிச் சமமாக இருப்பது மட்டம். தாழ்ந்தது, தரங்குறைந்தது, அதுவும் மட்டமே! கொத்தனார் ஒரு பொருளில் கூறுகிறார். குலமும் பாலும் பார்த்து மனிதரை எடைபோடுவோர் மறு பொருளில் கூறுகின்றனர். இவ்விரு பொருளும் நம் இல்லத்துக் கூடத்திலேயே ஒருநாள் மோதிக்கொண்டன. அதனைத்தான் இங்கே கூற விழைகிறோம்.

விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரம் நமது ஊர். கூடத்துத் தரை கான்கிரீட் தரை. ஆண்டுகள் பல ஆனதால் மூலையொன்று இறங்கிவிட்டது. நடுவிலே வெடிப்பு ஓடிற்று. கழுவிவிட்ட நீர் வாயிலை நாடாமல் மூலையிலே குளமாக நின்றது. ஒருநாள் மாலை அன்னையார் அந்த ஈரத்தில் கால் வழுக்கி வீழ்ந்தார், மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகே நமக்கு அறிவு வந்தது! அதுவரை பள்ளத்தைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டோமே தவிர, அதனைப் போக்க முயன்றோமா? இல்லை. பள்ளத்தோடு வாழப் பழகியவர் கண்ணுக்குப் பள்ளம் தெரிவதில்லை.

கொத்தனார் ஒருவர் வந்தார். உடன் ஓர் அம்மையார் வந்தார். "மேலே சிமென்ட் கலவையைப் பூசி மூடிவிடலாமே!" என்றோம். கொத்தனார் சிரித்தபடி கடப்பாரையின் முனையால் தரையைத் தட்டினார். நல்ல இடத்தில் திண்ணென்ற ஒலி. மூலையிலே வெறும் பானையைத் தட்டிய ஒலி.

"அடியில மண்ணு உக்காந்துபோச்சுங்க ஐயா. மேல பூசினா சீக்கிரமே பேந்துக்கும்" என்றார்.

அடியிலே மண் இறங்கிக் கிடக்க, மேலே பூச்சுப் பூசி மறைக்கும் வித்தை நாட்டில் எத்தனை எத்தனை இடங்களில் நடக்கிறது! நாமும் அதைத்தானே செய்ய இருந்தோம்!

பொத்தலான மூலை பெயர்க்கப்பட்டது. மண்ணிட்டு, நீர்விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, ஜல்லிக் கான்கிரீட் போடப்பட்டது. எஞ்சிய தரையை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினர். வழுவழுப்பான பழைய தரையில் புதுக் கலவை பற்றாது என்பதே காரணம். தூசு போகக் கழுவி, நனைத்து, சிமென்ட் பாலை ஊற்றித் தேய்த்தனர். பிறகு மட்டம் பார்க்கும் வேலை. கண்ணாடிபோன்ற நீண்ட குழாய், அதனுள்ளே காற்றுக் குமிழியற்ற தண்ணீர். ஒரு முனையைக் கொத்தனார் பிடித்தார். மறு முனையை அம்மையார் பிடித்தார். சுவரிலே கோடுகள் விழுந்தன. இரு முனையிலும் நீர் ஒரே உயரத்தில் நின்றது. எம்முனையைப் பிடித்திருப்பவர் ஆண், எம்முனையைப் பிடித்திருப்பவர் பெண் என்று தண்ணீர் கேட்கவில்லை!

"இந்தப் பக்கம் ரெண்டு நூல் வாட்டம் வேணும், அப்பத்தான் தண்ணி வாசலுக்கு ஓடும்" என்று நினைவூட்டியவர் அந்த அம்மையாரே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டட வேலை செய்கிறவர். கலவையின் பதம் அறிவார், வாட்டம் அறிவார். ஆயினும் அவர் பெயர் 'சித்தாள்'. சிறிய ஆளாம்! அவர் தலைக்குச் சட்டி உண்டு. கைக்குக் கரண்டி கிடையாது.

கூடத்தில் பாதி முடிந்த வேளையில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கொத்தனாருக்கு அலைபேசியில் செய்தி வந்தது. அவர் ஓடினார். குழைத்த கலவையோ காத்திராது. நேரம் போனால் இறுகி வீணாகும்.

"நான் இழுத்துடட்டுங்களா ஐயா?" என்று தயங்கிக் கேட்டார் அம்மையார். மட்டப்பலகையை எடுத்தார். இழுத்தார், நிரப்பினார், கரண்டியால் தேய்த்தார். பொழுது சாயுமுன் கூடம் முடிந்தது.

மாலையில் திரும்பிய கொத்தனார் பலகையை வைத்துப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கூலிக் கணக்கைச் சொன்னார். தமக்கு முழுக்கூலி, அம்மையாருக்கு அதன் பாதியைச் சற்றே தாண்டிய தொகை. "ஊர் வழக்கம்ங்க" என்றார்.

அவரைக் குறை கூறி என்ன பயன்? நம் சட்டைப்பையிலே காலையிலேயே இரு கட்டாகப் பணம் எண்ணி வைத்திருந்தோம், பெரியதொன்று, சிறியதொன்று! சமத்துவம் பேசும் நாவு நம்முடையது. அதைப் பிரித்து எண்ணிய விரலும் நம்முடையதே.

கையில் கட்டோடு அமர்ந்திருந்த அன்னையார் கேட்டார்: "அவர் போட்ட பாதி எது, அந்த அம்மா போட்ட பாதி எது? எங்கே, காட்டு பார்ப்போம்!"

காட்ட இயலவில்லை. அன்று இருவருக்கும் ஒரே கூலி கொடுத்தோம். ஒருநாள் பூசிய பூச்சு அது. அடிமண் அப்படியேதான் இருக்கிறது என்பதை உணராமலில்லை.

1976-இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது. 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்நெறி இடம்பெற்றது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்கிறது சட்டம். நன்று! ஆனால் கரண்டியை ஆணிடமும் சட்டியைப் பெண்ணிடமும் கொடுத்துவிட்டால், வேலையே வேறாகிவிடுகிறதே! கூலியில் உள்ள பள்ளத்துக்கு அடியிலே, கற்கவிடாத பள்ளமொன்று இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியிலுள்ள மண்டகப்பட்டிலே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எழுப்பினேன் எனக் கல்வெட்டிலே பெருமிதம் கொள்கிறான் மன்னன். உளி பிடித்தவர் பெயர் அதில் இல்லை. மன்னர் போயினர், உழைத்தவரை மறக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

புதுத் தரைமீது ஏழு நாள் நீர் நிறுத்தினோம். முழு வலிவை அளக்க இருபத்தெட்டு நாள் ஆகும் என்பது கட்டடக் கலையின் கணக்கு. சமமாக்குவது ஒருநாள் வேலை. அது உறுதிப்படப் பல நாள் ஈரம் காயாமல் காக்க வேண்டும்.

இப்போது அன்னையார் கூடத்தில் அச்சமின்றி நடக்கிறார். அடுத்து, பின்கட்டுத் தரை காத்திருக்கிறது. கொத்தனாரிடம் ஒரே ஒரு நிபந்தனை கூறியுள்ளோம்:

வரும்போது இரண்டு கரண்டிகள் கொண்டுவர வேண்டும்.